340 கோடி மணி நேர இருட்டு

அரிக்கேன் விளக்கு என்ற பெயரை நம்மில் பலர் எழுத்தறியும் முன்பே அறிந்திருந்தோம். மாலையானதும் கண்ணாடிக் குடுவையைச் சாம்பலிட்டுத் துடைத்து, திரியைக் கத்தரித்து, மண்ணெண்ணெய் அளவைப் பார்த்து ஏற்றி வைப்பது வீட்டில் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட வேலையாக இருந்தது. சிலர் அதை ராந்தல் என்றனர். இலங்கைத் தமிழர் அரிக்கன் லாம்பு என்றனர். காற்றில் அணையாது என்பதே அதன் பெருமை. ஆனால் அந்த 'அரிக்கேன்' என்ன மொழி, என்ன பொருள் என்று நாம் கேட்டதில்லை.

அது ஒரு புயலின் பெயர். கரீபியத் தீவுகளின் தொல்குடிகளான தைனோ மக்கள் பெருங்காற்றைக் குறிக்க வழங்கிய சொல், ஸ்பானியர் வாயில் 'உரக்கான்' ஆகி, ஆங்கிலத்தில் 'ஹரிக்கேன்' ஆகி, புயற்காற்றையும் தாங்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட விளக்கின் பெயராகக் கப்பலேறி நம் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. 1860களின் இறுதியில் ஜான் இர்வின் என்ற அமெரிக்கர் வடிவமைத்த குழாய் விளக்கே அதன் மூதாதை. தைனோ மக்களின் மண் உருவங்கள் சிலவற்றில் இரு கைகளும் எதிரெதிர்த் திசையில் வளைந்திருப்பதைச் சுட்டி, அது சுழலும் காற்றின் வடிவமே என்று கியூப அறிஞர் ஃபெர்னாந்தோ ஓர்த்திஸ் 1947ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். வானிலிருந்து புயலைப் பார்க்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில் அம்மக்கள் அதன் சுழற்சியை உணர்ந்திருந்தார்கள் என்பது அவர் துணிபு.

அந்தச் சொல் பிறந்த தீவுகளில் ஒன்று புவேர்ட்டோ ரிக்கோ. 2017ஆம் ஆண்டு ஒரு புயல் அத்தீவு முழுவதையும் மீண்டும் அந்த விளக்கின் காலத்துக்கே அனுப்பி வைத்தது. மின்சாரம் இல்லாத அந்த மாதங்களில் அம்மக்கள் பொழுதை எவ்வாறு கழித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். எளிய பொருளாகத் தோன்றலாம். எழுதப் புகுந்தபோது அது எளிதன்று என்று கண்டோம்.

*

நிகழ்ந்தவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2017 செப்டம்பர் 6ஆம் நாள் இர்மா என்ற புயல் தீவின் வடக்கே கடந்து சென்றது. நேரடியாகத் தாக்காமலே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிற்று. அந்தப் பழுதே முழுமையாகச் சரிசெய்யப்படாத நிலையில் செப்டம்பர் 20ஆம் நாள் விடியற்காலை, தென்கிழக்கே யபுகோவா என்ற ஊருக்கருகில் மரியா கரையேறியது. மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகக் காற்று. தீவைக் குறுக்காகக் கடந்து அது வெளியேறியபோது, ஏறக்குறைய 15 லட்சம் இணைப்புகள் கொண்ட மின்வலையமைப்பு முழுவதும் செயலிழந்திருந்தது. மறுநாள் கணக்கெடுத்தபோது கைப்பேசிக் கோபுரங்களில் 95 விழுக்காடு இயங்கவில்லை.

இதைக் காற்றின் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தீவின் பெரிய மின்நிலையங்கள் தென்கரையில் இருக்கின்றன. மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும் தலைநகர் சான் யுவானோ வடகரையில் இருக்கிறது. நடுவே மலைத்தொடர். கம்பிகள் அந்த மலைக்காடுகளின் மேலேறி இறங்கித்தான் வடக்கே வர வேண்டும். 1941இல் தொடங்கப்பட்ட அரசு மின்வாரியம் 2017 ஜூலையில், புயலுக்கு இரண்டே மாதங்களுக்கு முன்பு, ஏறக்குறைய 900 கோடி டாலர் கடனுடன் திவால் பாதுகாப்பு கோரியிருந்தது. கம்பங்களின் மீது சாய்ந்த மரங்களை வெட்டாமல் விட்டது காற்றல்ல, கடன்.

மின்தடையை அளப்பதற்கு வல்லுநர்கள் ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். ஓர் இணைப்பு ஒரு மணி நேரம் மின்சாரமின்றி இருந்தால் அது ஒரு 'பயனர் மணி'. 2018 ஏப்ரல் வரையிலான இழப்பை ரோடியம் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் கணக்கிட்டபோது கிடைத்த எண் 340 கோடி மணி நேரம். அமெரிக்க ஆட்சிப்பரப்பின் வரலாற்றிலேயே இதற்கு ஈடாக ஒன்றில்லை; உலக அளவில் 2013இல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயல் ஒன்றே இதனினும் பெரிது என்றது அவ்வாய்வு.

340 கோடி மணி நேரம். இந்த எண்ணை வியந்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது ஒரு வீட்டின் ஒரு மணி என்ற சில்லறையால் சேர்ந்த தொகை. அந்தச் சில்லறை எங்கே, எவ்வாறு செலவாயிற்று?

*

தீவின் முந்தைய புயல்களுக்கு இப்படியொரு கணக்கு இல்லை. புவேர்ட்டோ ரிக்கோவில் புயல்களுக்கு அவை வந்த நாளுக்குரிய புனிதரின் பெயரை இடுவது பழைய வழக்கம். 1899 ஆகஸ்ட் 8ஆம் நாள் வந்தது சான் சிரியாக்கோ. 1928 செப்டம்பர் 13இல் வந்தது சான் ஃபெலிப்பே. 1876இலும் அதே தேதியில் ஒரு புயல் வந்திருந்ததால் இதை இரண்டாம் சான் ஃபெலிப்பே என்றும் சொல்வார்கள். நான்காண்டுகளில், 1932இல், சான் சிப்ரியான்.

சான் சிரியாக்கோ 3,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அமெரிக்கப் படை தீவைக் கைப்பற்றி ஓராண்டே ஆகியிருந்தது. காப்பித் தோட்டங்கள் அழிந்தன. வேலையற்றுப்போனவர்களில் பல ஆயிரம் பேர் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். ஆனால் அந்தப் பேரழிவின் விவரங்களில் மின்தடை என்ற சொல்லுக்கு இடமில்லை. மலைக்கிராமத்துக் குடியானவனுக்குப் புயலுக்கு முந்தைய இரவும் பிந்தைய இரவும் ஒரே அளவு இருட்டாகவே இருந்தன. கூரையை இழந்தான், பயிரை இழந்தான், பிள்ளையை இழந்தான். விளக்கை இழக்கவில்லை, ஏனெனில் அவன் விளக்கு அவன் கையில் இருந்தது.

மின்தடை என்பது மின்சாரம் பெற்றவர்களுக்கே வாய்க்கும் துன்பம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கம்பிகள் மலையேறின. குளிர்பதனப் பெட்டி வந்தது, தண்ணீர் இறைக்கும் மோட்டார் வந்தது, தொலைக்காட்சி வந்தது. பின்னர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் மூச்சுக் கருவியும் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு பழைய திறமையை விடுவித்தது. துணி துவைக்கும் பலகை கிணற்றடியிலிருந்து பரணுக்குப் போயிற்று. 'கின்கே' என்று அவர்கள் அழைக்கும் மண்ணெண்ணெய் விளக்கு அலங்காரப் பொருளாயிற்று.

2017இல் பரணிலிருந்து எல்லாம் இறங்கின. அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் பாட்டிமார் மட்டுமே. பல ஆண்டுகளாக வீட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திடீரென்று வீட்டின் நடுவுக்கு வந்தார்கள் எனலாம். பலகையில் துணியை எவ்வாறு தேய்ப்பது, துணிச் சல்லடையில் காப்பியை எவ்வாறு வடிப்பது, எந்தக் காய் குளிர்பதனப் பெட்டி இல்லாமலே எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருந்தது.

*

'பொழுதுபோக்கு' என்ற நம் சொல்லில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. பொழுது தானாகப் போகாது, அதை நாம் போக்க வேண்டும் என்ற அனுமானம் அது. மரியாவுக்குப் பிந்தைய வாரங்களில் பகற்பொழுதுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. பெட்ரோலுக்கு வரிசை. பனிக்கட்டிக்கு வரிசை. வங்கியில் ரொக்கத்துக்கு வரிசை. அட்டைக் கருவி இயங்காத ஊரில் காகிதப் பணமே பணம். மோட்டார் இல்லாததால் குழாயில் தண்ணீர் இல்லை. எனவே தண்ணீர் வண்டிக்கும் வரிசை, அது வராத மலையூர்களில் ஊற்றைத் தேடி நடை. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு 'உயிரோடிருக்கிறோம்' என்று ஒரு வார்த்தை சொல்ல, சிக்னல் கிடைக்கும் நெடுஞ்சாலை ஓரத்தைத் தேடி வண்டிகளை நிறுத்திக் கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நின்றார்கள். முன்பு ஒரு பொத்தானில் முடிந்த வேலைகள் ஒவ்வொன்றும் அரை நாளை விழுங்கின.

பின்னர் ஹார்வர்டு ஆய்வாளர்கள் தீவில் 3,299 வீடுகளில் விசாரித்தபோது, அவ்வாண்டு இறுதிவரை ஒரு வீடு சராசரியாக 84 நாள் மின்சாரமின்றியும், 68 நாள் தண்ணீரின்றியும், 41 நாள் கைப்பேசித் தொடர்பின்றியும் இருந்தது தெரியவந்தது.

போக்க வேண்டியிருந்தது இரவைத்தான். தொடக்கத்தில் மாலை 6 மணி முதல் காலை 6 மணிவரை ஊரடங்கு. மது விற்பனைக்கும் தடை. வெப்பமண்டலத் தீவில் செப்டம்பர் மாதம், மின்விசிறி கிடையாது, உடைந்த சன்னல்களின் வழியே கொசு. உள்ளே இருக்க முடியாதவர்கள் முகப்புத் திண்ணைக்கும் வாசலுக்கும் வந்தார்கள். குளிரூட்டியின் உறுமலுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் மூடியிருந்த கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை அப்போதுதான் கேட்டறிந்தவர்கள் உண்டு.

திண்ணையில் டொமினோ மேசை விரிந்தது. அத்தீவில் அது விளையாட்டு மட்டுமன்று, ஒரு நிறுவனம். 28 கட்டைகள், நான்கு பேர், எதிரெதிரே அமர்ந்தவர்கள் கூட்டாளிகள். கூட்டாளியிடம் பேசக்கூடாது, அவர் எந்தக் கட்டையை, எவ்வளவு தயங்கி வைத்தார் என்பதிலிருந்தே அவர் கையில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். கட்டையை மேசையில் ஓங்கி அறைந்து வைப்பது அதன் இலக்கணத்தில் சேர்ந்தது. இருட்டில் விளையாட அதைவிடப் பொருத்தமான ஆட்டம் வேறில்லை என்று தோன்றுகிறது. புள்ளிகள் குழிகளாக இருப்பதால் ஒரே ஒரு மெழுகுவத்தியின் ஒளி போதும். போதாவிட்டால் விரலே படித்துக்கொள்ளும்.

பணம் உள்ள வீடுகளில் ஜெனரேட்டர் ஓடியது. 'பிளாந்தா' என்பார்கள். அதன் இரைச்சலும் புகையும் தெருவுக்கெல்லாம் பொது. மின்சாரம் ஒரு வீட்டுக்கு மட்டும். சில வீட்டார் ஒரு நீட்டிப்புக் கம்பியைச் சுவருக்கு மேலே அடுத்த வீட்டுக்கும் நீட்டினார்கள். இயந்திரங்கள் ஓயும் நேரத்தில் 'கோக்கி' என்ற அத்தீவின் சிறு தவளை தன் பெயரையே இரண்டு அசையாகக் கூவுவது கேட்டது. நகரத்துக்குமேல் பால்வீதி தெரிந்தது. சான் யுவானில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அதை முதன்முறையாகப் பார்த்தார்கள்.

*

இருட்டில் கண் ஓய்கிறது, செவி விழிக்கிறது. அந்த மாதங்களில் அத்தீவு முழுவதும் செவியாக மாறியிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சியும் இணையமும் விழுந்த இரவில் விழாமல் நின்றது ஒரு பழைய மத்திய அலைவரிசை வானொலி: 680இல் ஒலிக்கும் வாபா ரேடியோ. தீவெங்கும் கேட்கும் குரலாக அது ஒன்றே மிஞ்சியது. மக்கள் சான் யுவானிலிருந்த அதன் அலுவலகத்துக்கே நேரில் வந்து, எந்த ஊரில் யார் வீட்டார் நலமாக இருக்கிறார்கள், எந்த ஊரில் யாரைக் காணவில்லை என்று செய்தி கொடுத்தார்கள். அறிவிப்பாளர்கள் அவற்றை மணிக்கணக்காக வாசித்தார்கள். மலைமேல் பாட்டரி வானொலியைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் முன்பின் அறியாதவர்களின் பெயர்ப் பட்டியலைப் பாராயணம் கேட்பதைப்போல் கேட்டார்கள்; தம் ஊர்ப்பெயர் வரும்வரை காத்திருந்தார்கள்.

இந்தக் கேட்கும் பழக்கம் அத்தீவுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கியூபாவில் தொடங்கி, கரீபியன் எங்கும் பரவிய ஒரு வழக்கம் உண்டு. சுருட்டுத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து பங்கு போட்டு ஒரு 'லெக்தோர்', அதாவது வாசிப்பவர், ஒருவரை அமர்த்திக்கொள்வார்கள். கை புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும். செவி செய்தித்தாளையும் அரசியல் கட்டுரையையும் நாவலையும் கேட்டுக்கொண்டிருக்கும். புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ நகரில் அவ்வாறு வாசித்தவர்களில் ஒருவர் லூயிசா காபெத்தியோ (1879–1922). எழுத்தாளர், தொழிற்சங்கவாதி, பெண்ணுரிமைக்காக எழுதியவர். 1915இல் ஹவானாவில் காற்சட்டை அணிந்து தெருவில் நடந்ததற்காகக் கைது செய்யப்பட்டவர். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் இலக்கியம் தெரிந்திருந்தது என்றால் அதற்கு இந்தக் குரல்களே காரணம். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் அந்தக் கூடம், 2017இல் பாட்டரி வானொலியைச் சுற்றி மறுபடியும் கூடியதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

இன்னொரு பழைய வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மலைநாட்டுப் பாடகர்களின் 'தேசிமா' என்ற யாப்பு. பத்து அடி, அடிக்கு எட்டு அசை, இயைபு முறை மாறாது. கூட்டத்தில் ஒருவர் ஈற்றடியைக் கொடுப்பார். பாடகர் அந்த இடத்திலேயே ஒன்பது அடிகளை இட்டுக்கட்டி, பத்தாவதாகக் கொடுத்த அடியில் வந்து முடிக்க வேண்டும். ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லும் நம் புலவர் மரபை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் அண்டை அயலார் கூட்டமாகச் சேர்ந்து, நள்ளிரவில் ஒரு வீட்டு வாசலில் திடீரென்று பாட்டெழுப்பி, வீட்டாரை எழுப்பி, அவர்களையும் சேர்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது 'பர்ராந்தா'. 2017 டிசம்பர் இறுதியிலும் ஏறக்குறைய பாதி இணைப்புகளுக்கு மின்சாரம் வரவில்லை. வண்ண விளக்குகள் இல்லாத அந்தக் கிறிஸ்துமஸிலும் பாட்டு நின்றுவிடவில்லை. அது எக்காலத்திலும் மின்சாரத்தை நம்பியிருந்ததில்லை.

நாடகக்காரர்களும் இருட்டுக்குள் நடந்தார்கள். '¡ஆய் மரியா!' என்ற நகைச்சுவை நாடகத்துடன் ஒரு குழு 2017 இறுதியில் தீவின் 78 நகராட்சிகளுக்கும் பயணம் செய்தது. வரிசைகளையும் டப்பா உணவையும் அதிகாரிகளின் அறிக்கைகளையும் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் முன்பே அவற்றை நடித்துக்காட்டியது. இன்னொரு குழுவின் பெயர் 'ஈ நோ அபீயா லூஸ்'. 'வெளிச்சமும் இருக்கவில்லை' என்று பொருள். பொம்மைகளும் முகமூடிகளும் கொண்டு நிகழ்த்தும் அக்குழு 2005இலேயே அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தது. புயலுக்குப்பின் அவர்கள் மலையூரான ஒரோகோவிஸில், மரியா வீழ்த்திய ஒரு மாமரத்தைப் பற்றி அவ்வூர் மக்களோடு சேர்ந்து ஒரு படைப்பை உருவாக்கினார்கள். ஊரின் காவலாளியாக நின்ற மரம் என்பது கதை. வீடிழந்தவர்கள் மரத்துக்காக அழுவார்களா என்று கேட்கத் தோன்றும். வீட்டுக்கு நிவாரணப் படிவம் இருந்தது. மரத்துக்கு அது இல்லை. அதற்காகத்தான் நாடகம்.

*

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் வாசகருக்கு இதமாக இருந்திருக்கும். இருட்டு மனிதர்களைச் சேர்த்து வைத்தது, விண்மீன்களைக் காட்டியது, பாட்டிக்கு மரியாதை தந்தது என்று. புயல்களைப் பற்றி எழுதப்படும் நினைவுக் குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த இதத்தில் முடிபவை. அவை பொய்யல்ல. ஆனால் அவை மீண்டவர்கள் எழுதியவை.

அதே இரவுகளில் இன்சுலின் குப்பியைப் பனிக்கட்டித் துண்டுகளுக்கிடையில் வைத்து, பனி உருகும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். மூச்சுக் கருவி ஜெனரேட்டரில் ஓட, ஜெனரேட்டர் பெட்ரோலில் ஓட, பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற மகன் திரும்பி வருவதற்குள் எத்தனை மணி நேரம் என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். கிழக்கே உள்ள சிறு தீவு வியெக்கெஸ். அங்கிருந்த சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையத்தைப் புயல் அழித்துவிட்டது. நோயாளிகள் வாரத்துக்கு மூன்று முறை சிறு விமானத்தில் முதன்மைத் தீவுக்குப் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. நாள் முழுவதும் பயணம், மறுநாள் களைப்பு, அதற்கு மறுநாள் மீண்டும் விமானம். அவர்களிடம் போய்ப் பொழுதை எவ்வாறு போக்கினீர்கள் என்று கேட்க முடியாது. அவர்களுடைய பொழுதே அவர்களைப் போக்கிக்கொண்டிருந்தது.

புயலில் இறந்தவர்கள் 64 பேர் என்றது அரசின் கணக்கு. பல மாதங்கள் அந்த எண் அசையவில்லை. சுவர் இடிந்து விழுந்தால், வெள்ளத்தில் மூழ்கினால் அது புயல் மரணம். மூன்று வாரம் கழித்து, மருந்து கெட்டுப்போய், கருவி நின்றுபோய், மருத்துவமனை இருட்டில் கிடக்க, கட்டிலில் நிகழ்ந்த மரணம் இயற்கை மரணம். ஆனால் திண்ணையில் கூடியவர்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். இந்தத் தெருவில் இவர், அந்தத் தெருவில் அவர் என்று, டொமினோ மேசையில் நிரப்பப்படாத நாற்காலிகளை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

2018 மே மாதம் மேற்சொன்ன ஹார்வர்டு ஆய்வு வெளியாயிற்று. 2017 இறுதிவரை வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த இறப்புகள் ஏறக்குறைய 4,645 என்று அது மதிப்பிட்டது. வீட்டுக்கு வீடு கேட்டுச் செய்த மதிப்பீடு என்பதால் உண்மை எண் 800க்கும் 8,500க்கும் இடையே எங்கும் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. அவ்விறப்புகளில் மூன்றிலொரு பங்கு, மருத்துவம் கிடைக்கத் தாமதமானதாலோ தடைபட்டதாலோ நேர்ந்தவை. அதையடுத்து ஜூன் 1ஆம் நாள் சான் யுவானில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னே மக்கள் செருப்புகளைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். இறந்துபோன தாயின் செருப்பு, தாத்தாவின் காலணி, ஒரு குழந்தையின் சிறு பாதணி. சிலவற்றில் பெயரும் வயதும் எழுதிய சீட்டு. ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. திண்ணையில் வாய்மொழியாக இருந்த கணக்கு பகல் வெளிச்சத்துக்கு வந்த நாள் அது. ஆகஸ்ட் மாதம், அரசே கேட்டுக்கொண்டபடி ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரையிலான கூடுதல் இறப்புகளை 2,975 என்று கண்டது. அரசு 64ஐக் கைவிட்டு அந்த எண்ணை ஏற்றது.

340 கோடி மணி நேரம் என்ற கணக்கில் உள்ள குறையும் இதுதான். அந்த அலகுக்கு எல்லா மணியும் ஒன்றே. டொமினோ கட்டையை ஓங்கி அறைந்த மணியும், மூச்சுக் கருவி நின்றுபோன மணியும் அதில் ஒன்றொன்று. வரலாறு எழுதுபவர்களும் அப்படியே எண்ணிவிடக் கூடாது. ஆனால் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதினாலும் பிழையாகும். திண்ணையில் கூடி ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்திராவிட்டால், யார் இல்லாமற்போனார் என்பதை யார் சொல்லியிருப்பார்? கூடிப் பொழுதுபோக்கிய அந்தப் பழக்கமே பின்னர் சாட்சியமாக மாறியது என்பது நம் எண்ணம்.

*

2018 ஆகஸ்டில், ஏறக்குறைய பதினொரு மாதங்களுக்குப் பிறகு, எல்லா வாடிக்கையாளருக்கும் மின்சாரம் திரும்பிவிட்டதாக வாரியம் அறிவித்தது. இடையில், ஏப்ரல் 18ஆம் நாள், ஒரு மண்வெட்டி இயந்திரம் மின்கம்பியில் பட்டு மீண்டும் தீவு முழுவதும் ஒரு நாள் இருண்டது. 2021 ஜூனில் கம்பிகளின் பொறுப்பு தனியார் நிறுவனத்துக்கு மாறியது. 2022 செப்டம்பர் 18இல் ஃபியோனா என்ற, மரியாவைவிட மிக வலுக்குறைந்த புயல் வந்தபோதும் தீவு முழுவதும் இருண்டது. 2024 டிசம்பர் 31 விடியற்காலையும், 2025 ஏப்ரல் 16இலும், புயல் எதுவும் இல்லாமலே பேரிருட்டு. புத்தாண்டை மெழுகுவத்தியுடன் வரவேற்ற வீடுகள் பல.

இதனிடையே மலையூரான அத்ஹுந்தாஸில் ஒரு வீடு இருக்கிறது. சுரங்கத் திட்டத்தை எதிர்த்து 1980இல் தொடங்கப்பட்ட 'காசா புவெப்லோ' என்ற மக்கள் அமைப்பின் இல்லம். 1999 முதலே கூரையில் சூரிய மின்தகடுகளை வைத்து இயங்கிவந்தது. மரியாவுக்கு மறுநாள் அந்த ஊரில் விளக்கு எரிந்த இடம் அது. மக்கள் கைப்பேசியோடு வந்தார்கள். மருந்தாவி இழுக்கும் கருவிகளோடும் வந்தார்கள். அடுத்து வந்த மாதங்களில் அவ்வமைப்பு ஆயிரக்கணக்கான சிறு சூரிய விளக்குகளை மலைவீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. 2023இல் ஊரின் நடுவே உள்ள கடைகளை இணைத்து, பொது மின்வலை விழுந்தாலும் தனித்து இயங்கக்கூடிய சிறு மின்வலை ஒன்றையும் அமைத்தது.

பகலில் வெயிலில் வைத்து இரவில் ஏற்றும் அந்தக் கையடக்க விளக்கைப் படத்தில் பார்த்தோம். கண்ணாடிக் குடுவை இல்லை, திரி இல்லை, துடைக்கச் சாம்பலும் வேண்டாம். ஆனால் அதன் தலையில் ஒரு வளைந்த கைப்பிடி இருக்கிறது. இருட்டில் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய், உள்ளே இருப்பவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம்.